கனகா சிஸ்டர் ஓவர் கொடுக்கிறார்

"'அப்படியேதான் இருக்காரு'ன்னா, எப்படியே இருக்காரு?"

கேட்டுவிட்டுக் கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்தபடி நிற்கிறார் கனகா. எதிரே, ராத்திரி முழுக்க வார்டில் நடந்து கால் வீங்கிப்போன இளம் நர்ஸ் ஒருவர். ஜன்னல் வழியே வெயில் தரையில் விழத் தொடங்கிவிட்டது. இன்னும் கொஞ்சம் தாமதித்தால் அவருடைய பஸ் போய்விடும்.

"நார்மல்தான் சிஸ்டர்."

"நார்மலா இருக்கவரு எதுக்கு இங்க வந்து படுத்திருக்காரு? நேத்து சாயங்காலம் மூச்சு இழுத்துச்சே, இப்ப இழுக்குதா இல்லையா? கஞ்சி குடிச்சாரா? குடிச்சேன்னு அவரு சொன்னாரா, குடிச்சத நீ பாத்தியா?"

கட்டிலில் கிடப்பவர் தலையைத் தூக்கி, "பாதிதாம்மா குடிச்சேன். மீதிய எங்க வீட்டுல குடிச்சிருச்சு" என்று தானே உண்மையை ஒப்புக்கொள்கிறார். கனகா இளம் நர்ஸைப் பார்க்கிறார். இளம் நர்ஸ் தன் செருப்பைப் பார்க்கிறார்.

ஒரு ஷிஃப்ட் முடித்துக் கிளம்பும் நர்ஸ், அடுத்து வருகிறவரிடம் நோயாளிகளை ஒப்படைப்பதை ஆஸ்பத்திரியில் 'ஓவர் கொடுப்பது' என்பார்கள். வாங்கிக்கொள்வது 'ஓவர் எடுப்பது'. காலையில் ஒன்று, மதியத்தில் ஒன்று, இரவு தொடங்கும்போது ஒன்று. பெரும்பாலான வார்டுகளில் இது மேசையருகே நின்றபடியே நடந்து முடிந்துவிடும். ஒருவர் கைப்பையை மாட்டிக்கொண்டே சொல்வார், மற்றவர் கைப்பையைக் கழற்றிக்கொண்டே கேட்பார். டெல்டாவின் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் இருக்கிற இந்த அரசு மருத்துவமனையின் ஆண்கள் வார்டில், கனகா ட்யூட்டியில் இருக்கும் நாட்களில் மட்டும், அது கட்டில் கட்டிலாக நடக்கும். சாமி புறப்பாடு மாதிரி என்று வார்டு ஊழியர்கள் சொல்வார்கள். எல்லாக் கட்டில் முன்பும் நிற்கும், எந்தக் கட்டிலையும் தாண்டிப் போகாது.

கனகாவுக்கு நாற்பத்தைந்தை ஒட்டிய வயது. குள்ளம். நெற்றியில் பொட்டு எப்போதும் கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கும்; நகரும் பஸ்ஸில் கைக்கண்ணாடி பார்த்து வைத்துக்கொள்கிற பொட்டு. நாகூருக்குப் பக்கத்துக் கடற்கரைக் குப்பத்தில் பிறந்து, இப்போதும் அங்கேயே குடியிருந்து, தினமும் பஸ் பிடித்து வருகிறவர். அப்பா கலியபெருமாள் விசைப்படகில் கடலுக்குப் போனவர். எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய வீடு அது. அதனால் கனகாவின் குரலுக்கு ஒரே ஓர் அளவுதான் உண்டு. ரகசியம் சொல்லவேண்டியிருந்தால் நோயாளியின் காதோடு வாய் வைத்துச் சொல்வார், அதுவும் நாலு கட்டிலுக்குக் கேட்கும்.

அவருடைய வார்டில் விலக்கி வைக்கப்பட்ட சொற்கள் சில உண்டு. 'அப்படியே', 'நார்மல்', 'எல்லாம் ஓகே', 'ஒண்ணும் பிரச்சினை இல்ல'. குறிப்பாக 'எல்லாம்'. "எல்லாம் குடுத்தாச்சுன்னு சொல்லாத. எது எது குடுத்தாச்சு? ஒண்ணொண்ணா வாயத் தெறந்து சொல்லு" என்பார்.

அவர் ஓவர் கொடுப்பதைக் கேட்பதே தனி அனுபவம். மருந்தும் காய்ச்சலும் ரத்த அழுத்தமும் சொல்லி முடித்தபிறகு, எந்தக் காகிதத்திலும் இடமில்லாத சங்கதிகளுக்கு வருவார். "பெட் மூணு, காது சுத்தமா கேக்காது. ஆனா கேட்ட மாதிரி நல்லா தலையாட்டுவாரு. நம்பிடாதீங்க." "பெட் அஞ்சு, மகன் சிங்கப்பூர்லேந்து வீடியோ கால் போடுவான். அப்ப நிமிந்து உக்காந்து சிரிச்சு சிரிச்சுப் பேசுவாரு. போன வச்சதும் மேமூச்சு கீழ்மூச்சு வாங்கும். போன் வந்த உடனே பக்கத்துல போய் நின்னுக்கங்க." "பெட் எட்டு, பாத்ரூமுக்குக் கூப்புட வெக்கப்படறாரு. நீங்களா கேளுங்க. இல்லன்னா தானே எந்திரிச்சுப் போயி விழுந்து வைப்பாரு."

நோயாளியின் முன்னாலேயே இதையெல்லாம் சொல்வார். அவருக்குக் கூச்சமாக இருக்காதா என்று யாரோ கேட்டதற்கு, "அவரப் பத்தித்தானே பேசறோம், அவருக்குத் தெரியாம என்ன பேச்சு?" என்றார்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ள மாட்டார். கடைசியில் ஒன்று கேட்பார்.

"திருப்பிச் சொல்லுங்க."

ஓவர் எடுக்கிறவர் கேட்டதையெல்லாம் திருப்பிச் சொல்லவேண்டும். ஏதாவது விட்டுப்போனால் மறுபடியும் முதலிலிருந்து. அதுவரை கம்பியை விட்டுக் கை எடுக்கமாட்டார். புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். ரிஃப்கா என்ற இளம் நர்ஸ் வந்த புதிதில், "ஸ்கூல்ல வாய்ப்பாடு ஒப்பிச்ச மாதிரி இருக்கு சிஸ்டர்" என்றாள். "ஒப்பி. பரவால்ல" என்றார் கனகா.

வீட்டிலும் இதே கதைதான். கணவர் சபரிநாதன் படகு எஞ்சின் மெக்கானிக். கடைக்குக் கிளம்புகிறவர் வாசற்படியிலேயே நின்று, "புளி, கடுகு, துணி சோப்பு, ஆச்சி வீட்டுக்கு வெத்தலை. சரியா சிஸ்டர்?" என்று ஒப்பித்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார். அப்படியும் துணி சோப்பை மறந்துவிடுவார் என்பது வேறு விஷயம்.

கனகா எப்போதும் இப்படி இருந்தவர் இல்லை. ஒரு காலத்தில் அவரும் மேசையருகே நின்று, கைப்பையை மாட்டிக்கொண்டே ஓவர் கொடுத்தவர்தான். மாறியது குந்தவையுடன் சண்டை வந்த பிறகு.

குந்தவை அதே வார்டின் இன்னொரு மூத்த நர்ஸ். மயிலாடுதுறைப் பக்கத்தில் சொந்த நிலத்தோடு குத்தகை நிலமும் சேர்த்து நெல் போடுகிற வீட்டுப் பெண். தஞ்சாவூரில் நர்சிங் படித்தபோது இருவரும் ஒரே அறை. ஊருக்குப் போய்த் திரும்பும்போது குந்தவை எள்ளுருண்டை கொண்டுவருவார். கனகா கருவாட்டை யாருக்கும் தெரியாமல் துணிக்குள் சுற்றிக் கொண்டுவருவார். ஹாஸ்டலின் மாடி முழுவதற்கும் அது தெரிந்துவிடும். வாடி போடி என்று பேசி, ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒருவர் கல்யாணத்தில் மற்றவர் பந்தி பரிமாறி, கடைசியில் ஒரே ஆஸ்பத்திரியில் ஒரே வார்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

சில வருடங்களுக்கு முன், வேதாரண்யத்து உப்பளத் தொழிலாளி ஒருவர் சர்க்கரை நோய் முற்றி அந்த வார்டில் இருந்தார். மதிய ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் அவருக்கு இன்சுலின் ஊசி போடவேண்டும். காலை ட்யூட்டியிலிருந்த குந்தவை போட்டுவிட்டார். மதிய ட்யூட்டிக்கு வந்த கனகாவும் போட்டார். கொஞ்ச நேரத்தில் பெரியவருக்கு வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறி, நினைவு தப்பிவிட்டது. ஓடிவந்து குளுக்கோஸ் ஏற்றி மீட்டுவிட்டார்கள்.

"போட்டுட்டேன்னு சொன்னேன்" என்றார் குந்தவை.

"சொல்லல" என்றார் கனகா.

இருவருக்கும் மெமோ வந்தது. இருவரும் விளக்கம் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டும் நம்பும்படியாகவே இருந்தன. விசாரிக்க வந்த அதிகாரி உப்பளத்துப் பெரியவரிடமே கேட்டார். அவர், "ரெண்டும் தங்கமான பொண்ணுங்க சார்" என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குமேல் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. உண்மை எது என்று இன்றைக்கும் தெரியாது. ஒன்று குந்தவை சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டிருக்கவேண்டும், இல்லை கனகா கேட்டும் காதில் வாங்காமல் இருந்திருக்கவேண்டும். ஆளுக்கொரு பக்கம் சத்தியம் செய்யத் தயாராக இருந்தார்கள், இருவருமே பொய் சொல்கிறவர்கள் இல்லை.

அன்றோடு பேச்சு நின்றது. 'டி' போய் 'ங்க' வந்தது. ஆனால் ஷிஃப்ட் மாறும்போது பேசாமல் இருக்க முடியாதே? ஒரு நாளில் ஒருமுறையாவது ஒருவரிடமிருந்து மற்றவர் வார்டை வாங்கவேண்டும். ஆகவே இருவரும் நோயாளியைப் பற்றி மட்டும் பேசினார்கள். நோயாளியைப் பற்றி ஒன்றுவிடாமல் பேசினார்கள். கட்டில் கட்டிலாகப் போவதும், நோயாளியைச் சாட்சி வைத்துக்கொண்டு சொல்வதும், திருப்பிச் சொல்லச் சொல்வதும் அப்படித்தான் தொடங்கின. முதலில் அது ஒருவரையொருவர் நம்பாததால் வந்த ஏற்பாடு. நாளடைவில் கனகாவுக்கு வழக்கமாகிப் போனது. அவர்கள் இருவருக்கும் இடையே ஓவர் நடக்கும்போது, கோர்ட்டில் வக்கீல்கள் பேசிக்கொள்வதுபோல இருக்கும். கடைசிக் கட்டிலைத் தாண்டியதும் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். தீபாவளிக்கு வாழ்த்துக்கூடக் கிடையாது.

இந்த வருடம் சம்பா அறுவடை முடிந்த சமயம். குந்தவையின் அப்பா வீரையன் தன் நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டிவிட்டு முறைக்காகக் காத்திருந்தார். அந்தப் பக்கத்து விவசாயிகள் எல்லோருமே அப்படித்தான். பகலில் நெல்லைக் காயவைப்பதும், ராத்திரி தார்ப்பாயைப் போட்டு மூடி அதன் பக்கத்திலேயே படுத்துக்கொள்வதுமாக இருந்தார்கள். பனி பெய்கிற மாதம். வீரையன் குவியலின் அடிவாரத்தில், தரையில் சாக்கை விரித்துப் படுத்திருந்தார்.

காலை ட்யூட்டியில் கனகா இருந்தபோது அவரைக் கொண்டுவந்தார்கள். கூட வந்தவர் குணசேகரன். நெல்லோடு காத்திருந்த இன்னொரு விவசாயி. மூட்டை ஏற்றுகிற வண்டியிலேயே படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தார். "எழுப்புனேங்க. எழுந்திரிக்கிறாரு, கண்ணத் தொறக்க முடியல. பேசறது புரியல" என்றார். வீரையனின் இரண்டு இமைகளும் தொங்கிக் கிடந்தன. எச்சில் விழுங்க முடியாமல் கடைவாயில் வழிந்தது. உடம்பில் எங்கும் காயமோ கடிவாயோ இல்லை.

சற்றுப் பொறுத்து, ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடிவந்தார் குந்தவை. வீட்டில் உடுத்துகிற புடவை, பின்னாத தலை, கையில் போன். வழக்கமாக வெள்ளைச் சீருடையில் நுழைகிற கதவு வழியாக அன்று நோயாளியின் மகளாக நுழைந்தார்.

ட்யூட்டி டாக்டர் வெற்றிசெல்வன் நிதானமானவர். வீரையனின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தபடியே கேட்டார். "தரையில படுத்திருந்தாருன்னாங்க. ராத்திரி வயித்து வலி ஏதும் சொன்னாரா?"

"தெரியல டாக்டர்" என்றார் குந்தவை. "எழுப்புனப்பதான் தெரிஞ்சுதாம்."

"முன்னாடி ஸ்ட்ரோக் ஏதும்?"

"போன வருஷம் லேசா வந்துது. இடது கை கொஞ்சம் பலவீனம்."

டாக்டர் யோசித்தார். ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர். மறுபடியும் அதுவாக இருக்கலாம். கட்டுவிரியன் பாம்பாகவும் இருக்கலாம். அது தூங்குகிறவனைக் கடித்தால் வலியே தெரியாது, தடமும் இருக்காது, பெரும்பாலும் வயிற்று வலியில்தான் தொடங்கும். வயிற்று வலி இல்லையென்றால்? "முதல்ல தலைக்கு ஸ்கேன் எடுத்துடலாம். வண்டிக்குச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போன் செய்ய நகர்ந்தார். ஸ்கேன் எடுக்கிற கட்டடம் வளாகத்தின் அந்தக் கோடியில் இருந்தது. போய்த் திரும்பி வர நேரமாகும்.

கனகா கட்டிலின் மறுபக்கம் நின்று வீரையனின் கையில் ஊசி ஏற்றிக்கொண்டிருந்தார். குந்தவை சொன்னதெல்லாம் காதில் விழுந்தது. அதில் ஒன்று மட்டும் உறுத்தியது. குந்தவை அந்த ஆஸ்பத்திரியில் யாரையும்விடத் தெளிவாக ஓவர் கொடுக்கிறவர். 'தெரிஞ்சுதாம்' என்று அவர் வாயிலிருந்து கனகா ஒருநாளும் கேட்டதில்லை.

"திருப்பிச் சொல்லுங்க" என்றார்.

குந்தவை நிமிர்ந்தார். கண்ணில் கோபம் தெரிந்தது. "இப்பவா?"

"ராத்திரி கடைசியா அவர்கிட்ட எப்ப பேசினீங்க? அதுலேந்து சொல்லுங்க."

குந்தவை அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த போனைப் பார்த்தார். வீரையனின் மூச்சு முன்பைவிட மேலோட்டமாக வந்துகொண்டிருந்தது. கனகா காத்திருந்தார். ஊசியின் மேல் பிளாஸ்திரி ஒட்டினார், ஒட்டியதை மறுபடியும் அழுத்திவிட்டார்.

"விடியறதுக்கு முன்னாடி போன் பண்ணாரு" என்றார் குந்தவை. "வயித்தப் பெசையுதும்மான்னாரு. கடையில புரோட்டா கிரோட்டா தின்னீங்களான்னு சத்தம் போட்டேன். கேஸா இருக்கும், மாத்திரை ஒண்ணு போட்டுக்கிட்டுப் படுங்க, காலைல பாத்துக்கலாம்னேன். சட்டைப் பையிலயே வச்சிருப்பாரு, போட்டுக்கிட்டாரு. வச்சிட்டேன். வச்சிட்டுத் தூங்கிட்டேன்."

கனகாவின் மனதில் ஒன்று கிளம்பி மேலே வந்தது. அதை அவர் மறைக்கமாட்டார். பின்னால் கணவரிடம் சொன்னபோதும் மறைக்கவில்லை. இத்தனை வருடமாகத் தனக்கு வேண்டியிருந்த வாக்கியம் அந்தக் கணத்தில் அவருடைய நாக்கின் நுனியில் இருந்தது. 'ஆக, நீங்களும் சொல்லாம விடுவீங்க.' அவ்வளவுதான், சின்ன வாக்கியம். டாக்டருக்கும் கேட்டிருக்கும், வார்டுக்கே கேட்டிருக்கும்.

"விடியறதுக்கு முன்னாடி வயித்து வலி. மாத்திரை போட்டாரு. தூங்கினாரு. எழுப்புறப்போ கண்ணத் தொறக்க முடியல" என்று திருப்பிச் சொன்னார். "சரியா?"

"சரி."

கனகா திரும்பினார். கடல் பார்த்த குரல் வார்டின் கோடிவரை போயிற்று. "டாக்டர்! வயித்து வலி இருந்திருக்கு! விடியறதுக்கு முன்னாடியே!"

வெற்றிசெல்வன் போனைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார். யார் சொன்னார்கள், முதலில் ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை. "ஸ்கேன் வேணாம். இது கட்டுவிரியன். விஷமுறிவு மருந்து எடுங்க" என்றார். மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே வீரையனுக்கு மூச்சு நின்று நின்று வரத் தொடங்கியது. பக்கத்திலிருந்த தீவிர சிகிச்சை அறைக்குத் தள்ளிக்கொண்டு போய்க் குழாய் போட்டு, இயந்திரத்தோடு இணைத்தார்கள். வண்டியில் ஏற்றி ஸ்கேனுக்கு அனுப்பியிருந்தால் அது வழியிலேயே நடந்திருக்கும். அது அங்கே நின்றிருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மதியம் ஓவர் எடுக்க வந்தவர் ரிஃப்கா. தீவிர சிகிச்சை அறையும் இந்த நர்ஸ்களின் பொறுப்புதான். கனகா வழக்கம்போல ஒன்றுவிடாமல் சொன்னார். எவ்வளவு மருந்து ஏறியிருக்கிறது, எப்போது ஏறியது, கண்மணி எப்படி இருக்கிறது, கூப்பிட்டால் விரல் அசைகிறதா என்றெல்லாம். "கண்ணத் தொறக்கல, கை அசையல. அதுக்காக நெனவு இல்லன்னு நெனச்சிடாதீங்க. எல்லாம் கேக்கும் அவருக்கு. பாத்துப் பேசுங்க" என்றார். பிறகு, "ஆரம்பத்துல வயித்து வலி. வீட்டுல கேஸ்னு நெனச்சிருக்காங்க" என்றார்.

ரிஃப்கா கனகாவிடம் பழகியவள். விட்டுவிடுவாளா? "வீட்டுலன்னா யாரு சிஸ்டர்?"

"வீட்டுல" என்றார் கனகா.

"இல்ல, யாரு கேஸ்னு..."

"வீட்டுலன்னு சொல்றேன்ல. அடுத்தது பாருங்க."

ரிஃப்கா திருப்பிச் சொன்னபோது அதையும் அப்படியே சொன்னாள். கனகா திருத்தவில்லை. ஒரு நோயாளியைப் பற்றித் தெரிந்த ஒன்றை அவர் சொல்லாமல் விட்டது, அந்தப் பழைய சண்டைக்குப் பிறகு அதுவே முதல்முறையாக இருக்கும். அறைக்கு வெளியே சுவரில் சாய்ந்து நின்றிருந்த குந்தவைக்கு அது கேட்டதா என்பதை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய குரலுக்குக் கேட்காமல் இருந்திருக்க வாய்ப்பில்லை.

வீரையன் பல நாட்கள் இயந்திரத்தில் இருந்தார். முதலில் கால் கட்டைவிரல் அசைந்தது. பிறகு புருவம். ஒருநாள் காலை வலது இமை நெல்லின் அகலத்துக்குத் திறந்தது. குழாயை எடுத்த பிறகு அவர் பேசிய முதல் பேச்சு, "நெல்ல எடை போட்டாங்களா?" என்பது. குணசேகரனே நின்று எடை போட்டுக் கொடுத்துவிட்டார் என்றதும் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார். இந்த நாட்களில் கனகாவும் குந்தவையும் பேசிக்கொள்ளவில்லை. ஒருநாள் மதியம் கனகா வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்றைக் குந்தவை பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். குந்தவை சாப்பிட்டுவிட்டு டப்பாவைக் கழுவி மேசையில் வைத்தார். அதோடு சரி.

வீரையனை ஆண்கள் வார்டுக்கு மாற்றினார்கள். குந்தவையின் விடுப்பும் தீர்ந்தது. அப்பா படுத்திருக்கிற வார்டில் மகள் வேலை பார்ப்பது சிரமம், கொஞ்ச நாளைக்கு வேறு வார்டில் போடுகிறேன் என்று தலைமை நர்ஸ் சாவித்திரி சொன்னார். குந்தவை, "வேணாம் மேடம். என் வார்டுதானே" என்றார்.

அப்படித்தான் அந்த மதியம் வந்தது. குந்தவை சீருடையில், தலையை இறுக்கிக் கொண்டை போட்டு, ஓவர் எடுக்க வந்தார். கனகா கொடுக்கவேண்டும். பார்க்க விரும்பாதவர்கள்போல ரிஃப்காவும் சாவித்திரியும் மருந்து அலமாரிப் பக்கம் ஏதோ தேடிக்கொண்டு நின்றார்கள்.

கட்டில் கட்டிலாக வந்தார்கள். மூச்சிரைப்புக்காரர், காமாலைக்காரர், ஆடு மேய்க்கப் போய் விழுந்தவர். எல்லோரையும் கனகா சொல்ல, குந்தவை திருப்பிச் சொன்னார். அடுத்த கட்டிலில் வீரையன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மகளைச் சீருடையில் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

கனகா கால்மாட்டில் நின்றார். குரலில் எந்த வித்தியாசமும் இல்லை.

"பேரு வீரையன். வயசு அறுவத்தேழு. கட்டுவிரியன் கடிச்சு வந்தவரு."

வீரையன் திகைத்துப்போனார். "எம் பேரு அதுக்குத் தெரியாதாம்மா?" என்று கனகாவிடம் கேட்டார். "நான் பெத்த பொண்ணு அது."

"தெரியும்பா. சும்மா இருங்க" என்றார் குந்தவை.

"இல்ல, இந்தம்மா சொல்லுதே..."

"அப்படித்தான் சொல்லணும்" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

கனகா தொடர்ந்தார். இரண்டு இமையும் நன்றாகத் திறக்கின்றன. சாயங்காலம் களைத்தால் வலது இமை மட்டும் கொஞ்சம் இறங்குகிறது. கஞ்சி விழுங்குகிறார், தண்ணீர் குடித்தால் புரை ஏறுகிறது, மெல்லக் கொடுக்கவேண்டும். நடக்கவைத்தோம், ஜன்னல் வரை போனார். ராத்திரி தூங்கப் பயப்படுகிறார். கட்டிலுக்கு அடியில் பார்க்கச் சொல்கிறார், பார்த்துவிட்டு இல்லை என்று சொன்னால் தூங்கிவிடுவார்.

"ஆரம்பத்துல வயித்து வலி. வீட்டுல கேஸ்னு நெனச்சிருக்காங்க" என்று முடித்தார். "திருப்பிச் சொல்லுங்க."

குந்தவை திருப்பிச் சொன்னார். பெயர், வயது, இமை, கஞ்சி, தண்ணீர், ஜன்னல், கட்டிலுக்கு அடி. ஒன்றுகூட விடவில்லை. கடைசி வரிக்கு வந்ததும் நின்றார். அலமாரிப் பக்கம் மருந்துப் பெட்டிகள் நகர்கிற சத்தமும் நின்றது.

"ஆரம்பத்துல வயித்து வலி. எனக்கு போன் பண்ணிச் சொன்னாரு. நான்தான் கேஸ்னேன். மாத்திரை போட்டுக்கிட்டுத் தூங்குங்கன்னு நான்தான் சொன்னேன். டாக்டர் கேட்டப்பவும் முதல்ல சொல்லல."

எல்லோருக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னார். வீரையன், "அதுக்கென்னம்மா இப்ப" என்று எதையோ சொல்லத் தொடங்கி, இருமல் வந்து நிறுத்திக்கொண்டார். குந்தவை கட்டிலின் மேல் விரிப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரி" என்றார் கனகா.

கம்பியிலிருந்து கையை எடுத்தார். அதே கையால் குந்தவையின் முழங்கையைப் பற்றி, பிடித்த பிடியை விடாமல், அடுத்த கட்டிலுக்கு அழைத்துக்கொண்டு போனார்.